காடைக்குஞ்சு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, இன்குபேட்டரில் 30 ஜப்பானியக் காடை முட்டை வைத்தேன். 9தான் பொரிந்தது. சில குஞ்சுகள் ஓட்டைக் கீறியபடியே செத்துக் கிடந்தன.

பதில்: முட்டை எத்தனை நாள் பழையது தம்பி? ஒரு வாரத்தைத் தாண்டினால் பொரிப்பு குறையும். ஃபேன் உள்ள பெட்டி என்றால் சூடு 37.5 டிகிரி. 14 நாள் திருப்பிவிட்டு, அப்புறம் திருப்பாமல் தண்ணீரைக் கூட்டி ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். 17, 18ஆம் நாளில் குஞ்சு வரும். கீறி நிற்பதைப் பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்தீர்களா? ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். என் முதல் ஈட்டில் நானும் அரைமணிக்கு ஒருதரம் திறந்து ஏழு குஞ்சைக் கொன்றவன்தான்.

கேள்வி: தினமும் காலையில் தண்ணீர்த் தட்டில் இரண்டு மூன்று குஞ்சு செத்துக் கிடக்கிறது. நோயா?

பதில்: நோயில்லை அக்கா, மூழ்கிச் சாகிறது. பிறந்த குஞ்சின் எடையே 7, 8 கிராம்தான். தட்டு நிறையக் கோலிக்குண்டு போடுங்கள், இடுக்கில் அலகு மட்டும் போனால் போதும். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். வழுக்கி, கால் இரண்டு பக்கமும் விரிந்து போகும். பழைய சாக்கு நல்லது. முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. பல்புக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: காடையே அடைகாக்காதா?

பதில்: பண்ணைக் காடைக்கு அந்தப் பழக்கம் அநேகமாகப் போய்விட்டது. சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழியில் வைத்துப் பார்க்கலாம். பெரிய கோழி மிதித்தே உடைத்துவிடும்.

கேள்வி: ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூன்று வாரம் பொறுங்கள். நெஞ்சு செம்பழுப்பாக இருந்தால் ஆண், கறுப்புப் புள்ளி இருந்தால் பெண். வெள்ளைக் காடையில் இது செல்லாது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் விடுங்கள். ஆண் அதிகமானால் மண்டையைக் கொத்திக்கொள்ளும்.

கேள்வி: வரப்போரம் கௌதாரி முட்டை ஆறு கிடந்தது. எடுத்துப் பொரிக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முட்டைக்கும் சேர்த்துத்தான். அப்படியே விடுங்கள். அறுப்பு வண்டி வருவதாக இருந்தால் சுற்றி நாலு குச்சி நட்டு, தள்ளி ஓட்டச் சொல்லுங்கள்.