குடும்ப வன்முறைக் காப்பகங்கள் முகவரியை ஏன் மறைக்கின்றன? உள்ளே என்னதான் நடக்கும்?

அடிப்பவரை விட்டு வெளியேறும் நேரமும் அதை அடுத்த சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவர் தேடிக் கிளம்புவார். அதனால்தான் பல காப்பகங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் வெளியிட்டு, பேசிப் பார்த்த பிறகே இடத்தைச் சொல்கின்றன. (எல்லாம் அப்படியில்லை. 1971-ல் லண்டன் சிஸ்விக்கில் எரின் பிஸ்ஸி தொடங்கிய புகலிடம் ஊரறிய நடந்தது.)

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலைகளில் ஒன்று போனைப் பார்ப்பது. இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா, கணக்குகளின் கடவுச்சொல் கணவருக்குத் தெரியுமா, பிள்ளையின் டேப்லெட் இன்னும் அவர் கணக்கில்தான் இருக்கிறதா? ஆளை விட்டுவிட்டு வந்தாலும் டேப்லெட் காட்டிக்கொடுத்துவிடும்.

கூடவே மற்றதெல்லாம்: காயத்துக்கு மருத்துவம், நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவுக்கு வழக்கறிஞர், பிள்ளைகளுக்குப் பள்ளி, தனியாக ஒரு வங்கிக் கணக்கு. பணம் முழுக்க ஒருவர் கையிலேயே இருந்த வீட்டிலிருந்து வருபவருக்கு இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல.

நல்ல காப்பகம் "திரும்பிப் போகாதே" என்று கட்டாயப்படுத்தாது. பலர் ஒரே முயற்சியில் வெளியேறுவதில்லை. திரும்பிப் போனவர் மறுபடி வந்தாலும் கதவு திறக்க வேண்டும். கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்காதவர்கள்கூட ஆலோசனைக்கு அழைக்கலாம். ஆனால் அடிப்பவர் கைக்கு எட்டாத போனிலிருந்து.