கல்லாவிலிருந்து தெரியும் கல்லா

கேள்வி: எனக்கு வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் தெஹிவளையில் வசிக்கிறேன். ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் துணிக் கொள்வனவுப் பிரிவில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 180,000 ரூபாய். எத்தனை காலத்துக்குத்தான் இன்னொருவருக்காக உழைப்பது, சொந்தமாக எதையாவது சாதித்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெயரை விட்டுச் செல்ல வேண்டாமா என்ற எண்ணம் சில காலமாக என்னை வாட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு கொழும்பு வெள்ளவத்தையில் புடைவைக்கடை தொடங்க இருக்கிறேன். பணிக்கொடை, ஊழியர் சேமலாப நிதி, மனைவியின் நகைகள், வங்கிக் கடன் ஆகியவற்றைக் கொண்டு முதலைத் திரட்டலாம். மனைவியின் தங்கையின் கணவரும் பத்து வருடங்களாகக் காலி வீதியில் புடைவைக்கடை நடத்துகிறார். மாமியும் அவர்களோடுதான் இருக்கிறார். தற்செயலாக அவருடைய கடைக்கு நேர் எதிரே, தரைப் பக்கத்தில், எனக்கு இடம் அமைந்திருக்கிறது. (என் கல்லாவில் இருந்து பார்த்தால் அவருடைய கல்லா தெரியும் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.) கடை தொடங்க மனைவிக்குச் சம்மதம். இடம் எதுவென்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மாத முடிவுக்குள் முற்பணம் தராவிட்டால் இடம் போய்விடும். எனக்கு ஒரு தொழில்முனைவோருக்கு வேண்டிய ஊக்கம் இருக்கிறதா? துணிந்து இறங்கலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி இங்கே சுருக்கியிருக்கிறோம். அதில் மூன்று பக்கங்கள் சுதந்திரத்தையும் சாதனையையும் சொந்தக் காலையும் பற்றியவை. அந்த வசனங்களை இருபது வருடங்களாக எத்தனையோ பேருடைய கையெழுத்தில் வாசித்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வேறு யாராலும் எழுத முடியாத, நீங்கள் மட்டுமே எழுதக்கூடிய வசனம் உங்கள் கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கல்லாவில் இருந்து பார்த்தால் அவருடைய கல்லா தெரிகிறது. நடுவில் கிடப்பது காலி வீதி. 100ஆம் இலக்க பஸ்ஸும் 101ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. அவற்றுக்கிடையே முச்சக்கர வண்டிகள் நுழைகின்றன. கடப்பதற்கு வழி கிடைக்குமா என்று ஓரத்தில் பைகளோடு பெண்கள் நிற்கிறார்கள். இவ்வளவையும் தாண்டி உங்கள் கண் அந்த ஒரு மேசையில் போய் நின்றிருக்கிறது என்றால், நீங்கள் அந்த இடத்துக்குள் போனதும் முதலில் பார்த்தது வியாபாரத்தை அல்ல என்று நான் நினைப்பதில் என்ன பிழை?

தரைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது வீதியின் கடல் இல்லாத பக்கம்; கடையின் முகப்பு மேற்கே, கடலை நோக்கி இருக்கிறது. பிற்பகல் வெயில் நேராக முகப்பில் விழும். தொங்கவிட்ட பட்டும் பருத்தியும் சில மாதங்களிலேயே மடிப்போரங்களில் வெளிறிப் போகும் என்பது துணிக் கொள்வனவில் 14 வருடம் இருந்தவருக்கு நான் சொல்லித் தரவேண்டிய விடயமன்று. முகப்பில் படங்கு கட்டினால் வெயிலோடு சேர்ந்து கடையும் மறைந்துபோகும். உங்கள் சகலனுக்கு இந்தத் தொல்லை இல்லை; அவருடைய கடை கிழக்கைப் பார்க்கிறது. ஒரு நாளாவது பிற்பகல் இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை அந்த ஷட்டருக்கு முன்னால் நின்று, எத்தனை பேர் அந்தப் பக்கமாக நடக்கிறார்கள், எத்தனை பேர் புடைவை வாங்குவதற்காக வீதியைக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நான்கு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒரே வியாபாரம் ஒரே இடத்தில் கூடுவது ஊருலக வழக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைக்குப் பக்கத்தில் நகைக்கடையாக வரிசையில் இருக்கின்றன. நான்கு கடை ஏறி இறங்கித்தான் நம்மவர்கள் தாலிக்கொடியே எடுப்பார்கள். ஆகவே, புடைவை வாங்க வருகிற கூட்டம் வெள்ளவத்தைக்குத்தான் வருகிறது, அந்தக் கூட்டம் இருக்கிற இடத்தில் கடை போடுகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு கணக்கை மட்டும் பார்த்திருப்பேன். நீங்களோ ‘தற்செயலாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை நீண்டு கிடக்கிற வீதியில், பத்து வருடமாக அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே உள்ள இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதைத் தற்செயல் என்று என்னிடம் சொல்கிறீர்கள். நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தது போதும் தம்பி, என்னிடமும் ஏன்?

உங்களைச் சுடும்படி உங்கள் சகலன் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அது எங்கோ ஒரு சாமத்தியச் சடங்கிலோ கல்யாண வீட்டிலோ, சாப்பாட்டு மேசையில், மாமியும் கேட்டுக்கொண்டிருக்கையில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையாக இருந்திருக்கும். சம்பளக்காரருக்கு மாதம் 25ஆம் திகதிதான் தீபாவளி என்பது போன்ற ஏதாவது ஒன்று. சொன்னவர் கை கழுவுவதற்கு முன்பே அதை மறந்திருப்பார். நீங்கள் அதற்கு வாடகை கட்டப் போகிறீர்கள்.

ரோஷத்தில் தொழில் தொடங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டேவிட் மக்கிளெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சாதனை வேட்கையைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த வியாபாரிகளுக்கு அது குறித்துப் பயிற்சியும் கொடுத்தவர். அந்த ஆராய்ச்சிகளில் ஒரு வளைய விளையாட்டு வரும். தரையில் ஒரு முளையை நட்டு, விரும்பிய தூரத்தில் நின்று வளையத்தை எறியச் சொல்வார்கள். சாதனை வேட்கை மிகுந்தவர்கள் முளைக்குப் பக்கத்தில் போய் நிற்கவும் மாட்டார்கள், எட்டாத தூரத்துக்கும் போகமாட்டார்கள். முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற ஒரு நடுத்தூரத்தைத் தாங்களாகவே தேர்ந்து நிற்பார்கள். அவர்களுடைய கண் முளையில் இருக்கும். உங்களுக்கு ஊக்கம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் நிற்கும் தூரத்தைத் தீர்மானித்தவர் உங்கள் சகலன். கடையில் நல்ல இலாபம் வந்தாலும் அவருடைய கடையில் கூட்டம் நிற்கிற நாளில் உங்களுக்கு இரவு தூக்கம் வராது. ஒருநாள் அவர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டால், மறுநாள் காலையில் எதற்காக நீங்கள் உங்கள் ஷட்டரைத் தூக்குவீர்கள்?

என் தகப்பனாருக்குப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அரிசியும் செத்தல் மிளகாயும் விற்கிற ஒரு சின்னக் கடை இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் அது எரிந்தது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவர் அதே தெருவில், பழைய இடத்துக்கு நான்கு கடை தள்ளி, மறுபடியும் கடை திறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் வைராக்கியம், வைராக்கியம் என்று புகழ்ந்தார்கள். ஏன் அதே தெரு என்று அவரிடம் நான் கேட்டேன். அங்கே ஒரு முஸ்லிம் மொத்த வியாபாரி துண்டுக் கடிதம்கூட இல்லாமல் இருபது மூட்டை கடனுக்குத் தருவார், வேறு தெருவில் எனக்கு யார் தருவார்கள் என்றார். ஏன் மறுபடியும் வியாபாரம் என்று கேட்டதற்கு, வீட்டில் மூன்று குமர் இருக்கிறீர்கள், ஐம்பது வயதில் எனக்கு யார் உத்தியோகம் தருவான் என்றார். அவ்வளவுதான். எரித்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. காட்டுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை, காலை நான்கு மணிக்கு லொறி வரும்.

இனி உங்கள் முதலைப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதியைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். வேலையை விட்டதற்காக மட்டும் அதைக் கையில் தரமாட்டார்கள். ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது. இடையில் 30 சதவீதம் வரை எடுக்கலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு, அதுவும் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், புடைவைக்கு அல்ல. உங்களுக்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 180,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும், 14 வருடத்துக்கு 12 இலட்சத்து 60 ஆயிரம். காலி வீதியில் முற்பணமும் கொடுத்து, மின்விளக்கும் அலுமாரியும் போட்டு முடிந்த பிறகு அதில் எத்தனை பட்டுச் சேலை வாங்க மிஞ்சும் என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள். வேலையை விடும் நாளில் இருந்து, சேமலாப நிதிக்கு முதலாளி கட்டுகிற 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டுகிற 3 சதவீதமும் நின்றுவிடும். உங்கள் சம்பளத்துக்கு அது மாதம் 27,000 ரூபாய். ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்திருக்கக்கூடிய இந்த விடயங்கள் தெரியாமல், எதிர்க்கடைக் கல்லா எந்தக் கோணத்தில் தெரியும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2022ஐயும் நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். இந்தியாவில் இருந்து சரக்கு எடுக்கும் ஒரு புடைவைக்கடை அந்த வருடத்தை எப்படித் தாண்டியிருக்கும் என்று யோசித்தீர்களா? விலைவாசி உங்களையும் கடித்திருக்கும். ஆனாலும் மாத முடிவில் உங்கள் கணக்கில் சம்பளம் விழுந்தது. எதிர்க்கடைக்காரருக்கு அந்த வருடம் யார் சம்பளம் போட்டது? அவருடைய புதிய காரைப் பார்த்த உங்கள் கண்ணுக்கு, அந்த வருடத்தில் அவர் வீட்டு அடகுச் சீட்டு தெரிந்திருக்க நியாயமில்லை.

இவ்வளவும் கணக்கு. கணக்குச் சரியாக வந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதற்குக் காரணம் வேறு. அந்த இரண்டு கடைகளுக்கும் பின்னால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய் எதிர்க்கடைக்காரர் வீட்டில் இருக்கிறார். ‘மாமியும் அவர்களோடுதான் இருக்கிறார்’ என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள், அந்த வயதான மனுஷியைக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கிற வேலையும் அவர்களோடுதான் இருக்கிறது என்பதை எழுதவில்லை. நாளைக்கு உங்கள் மனைவி தாயைப் பார்க்கப் போனால் எந்த முகத்தோடு அந்தப் படியேறுவார்? தீபாவளிக்கு முதல் வாரத்தில் இரண்டு சகோதரிகளும் தொலைபேசியில் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்? அக்காளையும் தங்கையையும் ஒரு வீதியின் இரண்டு பக்கத்தில் நிறுத்துகிற வியாபாரம் எத்தனை கோடி தந்தாலும் எனக்கு அது வியாபாரமாகத் தெரியாது. இது பழைய காலத்துக் கதை என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும், நான் பழைய காலத்து மனுஷிதான்.

மனைவிக்குச் சம்மதம் என்கிறீர்கள். இடத்தைச் சொல்லாமல் வாங்கியது என்ன சம்மதம்? அவருடைய நகையைக் கொண்டுபோய் வைத்து, அவருடைய தங்கையின் கடைக்கு எதிரே கடை திறக்கப் போகிறீர்கள். அதை அவர் பெயர்ப்பலகை ஏறுகிற அன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் அதைச் சொல்லவில்லை என்பதே, சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி.

தொழில் செய்யும் ஆசை பொய்யில்லை என்றால், 14 வருடமாக நீங்கள் கற்ற வித்தை உங்கள் கையில் இருக்கிறது. எந்த ஆலையின் துணி துவைத்தால் சுருங்கும், எந்தச் சாயம் ஓடும், ஆயிரம் கெஜம் எடுத்தால் விலை எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தவர் நீங்கள். அந்த அறிவுக்குக் காலி வீதியில் முகப்பு தேவையில்லை. பாடசாலைச் சீருடைத் துணி, மருந்தகங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்பவர்களுக்கான உடுப்பு, உள்பாவாடை, இரவிக்கைத் துணி என்று சில்லறைக் கடைகளுக்குக் கொடுக்கிற வியாபாரத்தைச் சிறிதாகத் தொடங்கலாம். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஒரு வருடம் சனி ஞாயிறுகளில் செய்து பாருங்கள். அதற்கு முன்னர், வேலையில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய உங்கள் நியமனக் கடிதம் இடம் தருகிறதா என்று வாசித்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு உங்கள் சகலனின் கடைக்குப் போங்கள். அவர் வாங்கலாம், வாங்காமலும் விடலாம். ஆனால் வெள்ளவத்தையில் எந்த அளவு, எந்த நிறம், எந்த மாதத்தில் போகும் என்று பத்து வருடமாகப் பார்த்தவர் உங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார். அதை அவரிடம் கேட்பது உங்களுக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கசப்பைத் தாங்க முடியாவிட்டால், கடன் கேட்டு வருகிற வாடிக்கையாளரை எப்படித் தாங்குவீர்கள்?

மாத முடிவுக்குள் முற்பணம் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். அதற்கு முன்னர் ஒரு மாலை நேரம், பிள்ளைகள் படிக்கப் போன பிறகு, மனைவியை உட்கார வைத்து நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை அடைப்புக்குறியோடு சேர்த்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.