தீவனப்புல் வேகமாக வளர ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கலாமா?

கேள்வி: நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். அரை ஏக்கரில் நேப்பியர், பக்கத்தில் கொஞ்சம் குதிரைமசால். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் நேப்பியர் துளிர்க்கத் தாமதமாகிறது. ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் புல் மளமளவென்று உயரும் என்கிறார்கள். மரபணு மாற்றிய தீவன விதையும் வந்துவிட்டதாமே, அதை வாங்கலாமா?

பதில்: உயரும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் உயர்ந்ததெல்லாம் தீவனமாகிவிடாது.

நீங்கள் கேட்கும் ஜிப்ரலிக் அமிலம், ஜிப்ரலின் என்ற ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. அந்த ஹார்மோன் நமக்குத் தெரியவந்ததே ஒரு பயிர் நோயால்தான். ஜப்பானில் சில வயல்களில் நெல் நாற்று வெளிறிப்போய், ஒல்லியாக, மற்ற நாற்றுகளைவிட நெடுநெடுவென்று வளர்ந்து, மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். விவசாயிகள் அதை 'முட்டாள் நாற்று' என்றார்கள். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் இப்படிச் செய்கிறது என்று 1926-ல் குரோசாவா என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். செடிகளும் இதைத் தாமாகவே சுரக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. தண்டு வளர்ச்சியில் அது முக்கியமாகச் செல்லை நீள வைக்கும். நீண்ட செல்லை நிரப்பத் தேவையான சர்க்கரையும் தழைச்சத்தும் வேறு எங்கிருந்தாவது வரவேண்டும். வராவிட்டால் புல் வெளுக்கும், தண்டு நீளும், இலையின் பங்கு குறையும். முற்றிய தண்டை மாடு தொட்டியிலேயே ஒதுக்கிவிடும்.

நேப்பியரிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் உண்டு. ப்ளோரிடா பல்கலைக்கழகம் 1988-ல் வெளியிட்ட 'மாட்' என்ற ரகம் குட்டையானது. கணுக்கள் நெருக்கமாக இருப்பதால் இலை அதிகம், தண்டு குறைவு. அதனால் தரமான தீவனம் என்று பெயர் வாங்கியது.

சரி, ஜிப்ரலிக் அமிலம் எங்குமே பயன்படாதா? பயன்படும். நியூசிலாந்தில் ரைகிராஸ் என்ற குளிர்ப்பிரதேசப் புல் வளரும் மேய்ச்சல் நிலங்களில் எக்டேருக்கு சுமார் 8 கிராம் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அது குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும்தான். குளிரில் புல் தானாகச் சுரப்பது குறைந்துபோகிறது, அந்தக் குறையை இந்தத் தெளிப்பு ஈடுகட்டுகிறது. மாடு மேய்ந்து முடித்த சில நாட்களுக்குள், தழைச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குக் கூடுதல் புல் கிடைக்கும். அதற்கடுத்த சுற்றில் வளர்ச்சி சற்றுப் பின்தங்குவதும் உண்டு. நேப்பியர் வெப்பத்தில் செழிக்கும் புல். வெப்பப் பருவத்தில் தனக்கு வேண்டியதை அதுவே சுரந்துகொள்கிறது. அந்தப் பருவத்தில் தெளிப்புக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. எப்போது தெளிப்பதானாலும், தீவனப் பயிருக்கென்று அனுமதி உள்ள மருந்தா, தெளித்து எத்தனை நாள் கழித்து மாட்டுக்குப் போடலாம் என்ற இரண்டையும் லேபிளில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் உண்மையான பிரச்சினை உயரம் இல்லை, துளிர்ப்பு. அது வேறு ஹார்மோன்களின் வேலை. தண்டின் நுனிக் குருத்தில் ஆக்சின் சுரந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை கீழ்க்கணு மொட்டுகள் உறங்கும். நீங்கள் அரிவாளால் நுனியை வெட்டும்போது ஆக்சின் நின்றுபோகிறது. வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் மொட்டுகளை எழுப்புகிறது. அதாவது ஒவ்வொரு வெட்டுமே ஒரு ஹார்மோன் சிகிச்சைதான். மூன்றாவதாக ஒன்று உண்டு, ஸ்ட்ரைகோலாக்டோன். கிளைப்பதைத் தடுக்கும் ஹார்மோன் இது என்பது 2008-ல்தான் தெரியவந்தது. மண்ணில் மணிச்சத்தும் தழைச்சத்தும் குறைந்தால் பல பயிர்களின் வேர் இதை அதிகம் சுரக்கிறது, மொட்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. தழைச்சத்து கிடைத்தால் சைட்டோகைனின் கூடுகிறது. செடியின் கணக்கு நியாயமானதுதான், சோறு இல்லாத வீட்டில் அது தூர் கட்டாது.

எவ்வளவு சத்து வெளியே போகிறது என்று பாருங்கள். உலர் எடையில் 10 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் உலர் தீவனத்தோடு 16 கிலோ தழைச்சத்து வயலைவிட்டுப் போகிறது. பச்சையாகக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய ஐந்து டன் புல். சாணமும் மூத்திரமும் திரும்ப அந்த வயலுக்கே வராவிட்டால் துளிர் தாமதப்படாமல் என்ன செய்யும்? குதிரைமசால் வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், அதற்குச் சாம்பல்சத்தும் மணிச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெட்டும் உயரம். நேப்பியரைத் தரையோடு தரையாக வழித்துவிட்டால், துளிர்க்க வேண்டிய கணுக்களும் சேமிப்புச் சர்க்கரையும் சேர்ந்தே போய்விடும். 10 முதல் 15 சென்டிமீட்டர் அடித்தண்டு விட்டு வெட்டுங்கள். அடுத்த வெட்டில் பாதி நிலத்தில் மட்டும் இப்படிச் செய்து, வெட்டிய மறுநாளே உரமும் தண்ணீரும் கொடுங்கள். மறுபாதி உங்கள் வழக்கப்படி இருக்கட்டும். ஒப்பிடும்போது பச்சை எடையை நம்பாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு பாதியிலும் ஒவ்வொரு கிலோ எடுத்து, எடை மேலும் குறையாத அளவுக்குக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த விகிதத்தை அந்தந்தப் பாதியின் மொத்தப் பச்சை எடையோடு பெருக்கினால் உலர் விளைச்சல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. களைக்கொல்லியான 2,4-டி என்பதும் செயற்கை ஆக்சின்தான். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைப் பயிரைக் கொல்லும். நேப்பியருக்கு அடிக்கும்போது காற்றில் சிதறினால் குதிரைமசால் போச்சு.

மரபணு விஷயத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் நடந்திருக்கும் வேலை உண்மையிலேயே அழகானது. 1995-ல் கான், அமாசினோ என்ற ஆராய்ச்சியாளர்கள் சைட்டோகைனின் செய்யும் பாக்டீரியா மரபணுவை, இலை முதுமையடையும்போது மட்டும் இயங்கும் ஒரு சுவிட்சோடு இணைத்துப் புகையிலையில் வைத்தார்கள். இலை பழுக்கத் தொடங்கினால் சுவிட்ச் இயங்கும், ஹார்மோன் சுரக்கும், பழுப்பது நிற்கும், உடனே சுவிட்சும் அணையும். இதே உத்தியைக் குதிரைமசாலிலும் முயன்றிருக்கிறார்கள். ஸ்விட்ச்கிராஸ் என்ற புல்லில் 2012-ல் நடந்த ஆய்வு இன்னொரு பாடம். மிர்-156 என்ற சிறு ஆர்என்ஏவை (மற்ற மரபணுக்களின் செயலை அடக்கும் மூலக்கூறு) அளவாகக் கூட்டியபோது தூர்கள் பெருகி விளைச்சல் ஏறியது. அளவுக்கு மீறிக் கூட்டியபோது செடி குன்றிப்போனது.

ஆனால் வணிகத்துக்கு வந்த மரபணு மாற்றக் குதிரைமசால் விதைகள் ஹார்மோனோடு தொடர்புடையவை அல்ல. அமெரிக்காவில் 2005-ல் முதலில் அனுமதி பெற்று, 2007-ல் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டு, 2011-ல் திரும்ப வந்தது களைக்கொல்லியைத் தாங்கும் வகை. 2014-ல் அனுமதி பெற்றது லிக்னின் (தண்டை விறைப்பாக்கி, செரிப்பதைக் கடினமாக்கும் பொருள்) குறைந்த வகை. இந்தப் பயிர் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை அடைவது, அதனால் மாற்று மரபணு பக்கத்து வயலுக்கும் பரவும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மரபணு மாற்றிய நேப்பியர் கரணை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

லிக்னின் குறைந்து, எளிதில் செரிக்கும் தீவனம் வேண்டுமென்றால் மரபணு மாற்றமே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, 'பழுப்பு நடுநரம்பு' ரகங்கள். மக்காச்சோளத்தில் 1924-ல் தானாகவே தோன்றிய மரபு மாற்றம் அது. தீவனச்சோளத்திலும் கம்பிலும் இந்தக் குணம் கொண்ட விதைகள் கிடைக்கின்றன. விளைச்சல் சற்றுக் குறையும், பயிர் சாயும் வாய்ப்பும் உண்டு. கறவை மாட்டுக்கு அந்த இழப்பு பொறுக்கக்கூடியதுதான். சோளத்தைத் தேர்ந்தெடுத்தால் இளம்பயிரையும், வறட்சியில் வாடித் திரும்பத் துளிர்த்த பயிரையும் மாட்டுக்குப் போடாதீர்கள். அவற்றில் சயனைடு நஞ்சு அதிகம்.