சிங்கப்பூரில் சீன மாமனாருக்குத் தாவோ முறையில் இறுதிச் சடங்கு: எங்கே தொடங்குவது?

மாமனார் ஹொக்கியன் மொழி பேசும் சீனப் பிரிவைச் சேர்ந்தவர், நோய் முற்றி வீட்டில் படுத்திருக்கிறார், தாவோ முறைப்படியே தன்னை வழியனுப்ப வேண்டும் என்கிறார், மகன்கள் இருவரும் கிறிஸ்தவர்கள், அதனால் பொறுப்பு தமிழ் மருமகனான உங்கள் தலையில் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஹொக்கியன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண். என் மாமியாரின் சடங்கை என் கணவரும் நாத்தனாரும் நானும் சேர்ந்துதான் நடத்தினோம். அதை வைத்துச் சொல்கிறேன்: இறுதிச்சடங்கு நிறுவனத்தைத் தேடுவதற்கு முன், சடங்கை நடத்தும் குருவைத் தேடுங்கள். கூடாரம், நாற்காலி, சாப்பாடு, ஊர்தி எல்லாம் ஒரே தொலைபேசி அழைப்பில் வந்துவிடும். அவருக்குரிய சடங்கை அவர் மொழியில் செய்யத் தெரிந்தவர் அப்படி வரமாட்டார்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 8.8 விழுக்காட்டினர் தாவோ சமயத்தினர். ஆனால் அவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஈமச்சடங்கு கிடையாது; சீனர்களில் ஒவ்வொரு மொழிப் பிரிவுக்கும் ஒவ்வொரு வழக்கம். ஹொக்கியன்களுக்கு ‘சாய் கோங்’ எனப்படும் குரு வருவார். காண்டனீஸ் குடும்பங்களில் குரு வாளால் ஓடுகளை உடைத்து நரகத்தின் கதவைத் திறப்பார். தியோச்சியூக்களில் பலர் தர்ம மன்றங்கள் எனப்படும் சீன அறநிலையங்களிலிருந்து ஓதுவோரை அழைப்பார்கள்; அதில் பௌத்த மந்திரங்களே மிகுதி. நிறுவனத்தின் விலைப்பட்டியலில் ‘தாவோ சடங்கு, மூன்று நாள்’ என்று மட்டும்தான் இருக்கும். எந்தக் குழுவின் குரு, எந்த மொழியில் ஓதுவார், எத்தனை பேர் வருவார்கள், வாத்தியம் உண்டா என்று நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். என் மாமியாருக்கு ஹொக்கியன் தவிர வேறு மொழி சரியாக வராது. அவருக்கு மாண்டரினில் ஓதி அனுப்புவதா என்று நாத்தனார் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். மாமனார் வழக்கமாகப் போகும் கோயில் எது என்று கேளுங்கள். அங்கிருந்தே நல்ல சாய் கோங்கின் தொடர்பு கிடைக்க வாய்ப்புண்டு.

சீன முதியவர்களிடம் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று பிள்ளைகள் தயங்குவார்கள். உங்கள் மாமனாரே பேச்சைத் தொடங்கிவிட்டார், அது பெரிய காரியம். உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்கட்டும்: எந்தப் படத்தை வைக்க வேண்டும், எந்த உடை, எரிப்பதா புதைப்பதா, இறந்தவர் பெயரை எழுதி வைத்து வழிபடும் பெயர்ப்பலகை எங்கே இருக்க வேண்டும். என் மாமியார் தன் படத்தைச் சட்டம் போட்டு, நீலச் சட்டை ஒன்றோடு அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்திருந்தார். உடை விஷயத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள்: சிவப்பு கூடாது. சிவப்பு உடுத்திப் போனவர் ஆவியாகத் திரும்பி வருவார் என்பது நம்பிக்கை.

அரசாங்க நடைமுறைகள் இப்போது எளிது. வீட்டில் உயிர் பிரிந்தால், வீட்டுக்கு வரும் மருத்துவரை அழைத்து மரணத்தை உறுதிப்படுத்த வேண்டும். 2022 மே 29 முதல், மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே மரணம் தானாகப் பதிவாகிவிடுகிறது. மின்னிலக்க மரணச் சான்றிதழை அரசாங்கத்தின் ‘மை லெகசி’ இணையத்தளத்திலிருந்து 30 நாள்களுக்குள் பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலை வைக்க நகர மன்றத்தின் அனுமதி, மண்டாய் தகனச்சாலையில் நேரம், இரண்டையும் நிறுவனத்தாரே வாங்கித் தருவார்கள். அரசாங்கத் தகனச்சாலையில் பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அஸ்தி மாடத்தில் சாதாரண மாடம் 500 வெள்ளி. மொத்தச் செலவில் இவை சிறு துளி. புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பமானால் சுவா சூ காங் இடுகாடு மட்டுமே உண்டு. அங்கும் 15 ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டியெடுத்து எரிப்பார்கள் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

உயிர் பிரிந்ததும் வீட்டுச் சாமி மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடுங்கள். கண்ணாடிகளையும் மூட வேண்டும். சவப்பெட்டியின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொரு சாவு வரும் என்பார்கள். கீழ்த்தளத்தில் தொங்கும் விளக்குக் கூண்டில் குடும்பப் பெயரும் வயதும் எழுதியிருக்கும். அந்த வயது சான்றிதழில் உள்ளதைவிட மூன்று ஆண்டு கூடுதலாக இருந்தால் தவறு என்று திருத்தப் போகாதீர்கள். வானம், பூமி, மனிதன் என மூன்றுக்கும் ஒவ்வோர் ஆண்டு சேர்ப்பது வழக்கம். உடலை ஒற்றைப்படை நாள்கள் வைப்பார்கள்: மூன்று, ஐந்து, ஏழு. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு மூன்று நாளே தாராளம்.

அந்த நாள்களில் ஊதுபத்தியும் எண்ணெய் விளக்கும் அணையக் கூடாது. இரவிலும் யாராவது விழித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சீட்டாட்டம், வேர்க்கடலை, தர்பூசணி விதை எல்லாம். சாவு வீட்டில் சீட்டா என்று உங்கள் பெற்றோர் முகம் சுளிக்கலாம்; முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காலையில் முகம் கழுவத் தண்ணீரும் துண்டும் பல் துலக்கும் தூரிகையும் படத்தின் முன் வைக்க வேண்டும். பிறகு காலையுணவு, மதியம், இரவு என்று வேளை தவறாமல் படையல். படைத்துச் சற்று நேரம் கழித்து இரண்டு நாணயங்களைத் தரையில் போட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்கள். ஒன்று தலையாகவும் மற்றது பூவாகவும் விழுந்தால் ஆயிற்று என்று பொருள். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் சாப்பிடுகிறார்; காத்திருந்து மறுபடி போட வேண்டும். என் மாமியார் உயிரோடு இருந்தபோதும் நிதானமாகச் சாப்பிடுபவர். நாணயங்கள் ஒத்துவராதபோது யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. என் கணவர் மண்டியிட்டபடியே, ‘அம்மா, அவசரமில்லை’ என்று ஹொக்கியனில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் சடங்கு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் படையல்தான். இதற்குக் குருவும் வேண்டாம், பணமும் வேண்டாம். எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இனி உங்கள் மைத்துனர்களின் விஷயம். கிறிஸ்தவர்கள் ஊதுபத்தி பிடிக்க மறுப்பது தந்தையின் மேல் பாசமில்லாமல் அல்ல, அவர்களுடைய விசுவாசம் அது. சவப்பெட்டியின் முன் நின்று அதைக் கேள்வியாக்க வேண்டாம். முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, யார் எதைச் செய்வார்கள் என்று முடிவெடுங்கள். ஊதுபத்தி பிடிக்காவிட்டாலும் இரவு முழுவதும் விழித்திருக்கலாம், வந்தவர்களை வரவேற்கலாம், படத்தின் முன் தலை தாழ்த்தி நிற்கலாம், ஊர்தியின் பின்னால் நடக்கலாம். குருவின் பின்னால் ஊதுபத்தியோடு நடக்க ஒருவர் வேண்டும். மரபுப்படி அது மூத்த மகனின் வேலை. ஆனால் ஹொக்கியன் வழக்கில் மூத்த மகனின் மூத்த மகன், தாத்தாவுக்குக் கடைசி மகனுக்குச் சமம். அந்தப் பேரனுக்குச் சம்மதமானால் அவன் நிற்கலாம். இல்லையென்றால் உங்கள் மனைவி நிற்கட்டும். எங்கள் சாய் கோங், மகன் இருந்தும் பல இடங்களில் நாத்தனாரையே முன்னால் நிறுத்தினார். கடைசிக் காலத்தில் கூட இருந்தவர் அவர் என்று தெரிந்திருந்தது. உங்கள் குருவிடம் இதைச் சடங்கன்று சொல்லாமல் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

துக்கத் துணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்பு சணல் அங்கி. இப்போது பெரும்பாலும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கையில் ஒரு சிறு துணித்துண்டைக் குத்திக்கொள்வார்கள்: பிள்ளைகளுக்குக் கறுப்பு, பேரப்பிள்ளைகளுக்கு நீலம். இறந்தவர் ஆண் என்றால் இடது கையில், பெண் என்றால் வலது கையில். மருமகளுக்கு மகனின் தகுதியே உண்டு. மருமகனோ மரபில் வெளிக்குடும்பத்தவர்; துக்க அடையாளமும் ஒருபடி இலேசாகத்தான் இருக்கும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு, சாப்பாடு, விருந்தினர் என்று ஓடியாடிப் பார்க்கக் கைகள் காலியாக இருப்பவர் ஒருவர் வேண்டும், அது நீங்கள்தான்.

தகனத்துக்கு முந்தைய இரவு நடப்பது ‘கோங் தெக்’, இறந்தவரை நரகத்தைக் கடக்கச் செய்யும் சடங்கு. இதற்குத்தான் நல்ல குரு வேண்டும் என்கிறேன். பத்து நரக மன்றங்களின் படங்களைத் தொங்கவிடுவார்கள். பாசிர் பாஞ்சாங் சாலையில் உள்ள ஹா பார் வில்லா பூங்காவுக்குச் சிறுவயதில் போயிருந்தால் அந்தப் பத்து மன்றங்களும் உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவர் சார்பில் குரு மன்னிப்பு கேட்பார். மன்னிப்பு ஓலையைக் காகிதக் குதிரையில் ஏறிய தூதுவன் எடுத்துச் செல்வான். குடும்பத்தார் எல்லார் பெயரும் எழுதிய விண்ணப்பத்தை உரக்க வாசித்து எரிப்பார்கள். என் தமிழ்ப் பெயரைச் சீன எழுத்துகளில் எழுதிக்கொண்டு, சரியாக உச்சரிக்கிறேனா என்று சாய் கோங் என்னிடம் வந்து சொல்லிப் பார்த்தார். உங்கள் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். பிறகு பாலம் கடப்பது: சிறிய பாலத்தின் மேல் குரு முன்னே செல்ல, குடும்பம் வரிசையாகப் பின்னே போகும், சுங்கமாக நாணயங்களைப் போட்டுக்கொண்டே. தாய்க்கு மட்டும் உரிய சடங்கொன்றும் உண்டு. பிள்ளை பெற்றபோது சிந்திய இரத்தத்தின் கடனைத் தீர்ப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் கிண்ணத்திலிருந்து சிவந்த நீரைக் குடிப்பார்கள். உங்களுக்கு அது வராது. ஆனால் அதைப் பார்த்த இரவு நான் ஊரிலிருந்த என் அம்மாவைத் தொலைபேசியில் எழுப்பினேன்.

செலவு சில ஆயிரம் வெள்ளியில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும். குருமாரின் எண்ணிக்கையும், இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்று எரிக்கும் காகிதப் பொருள்களும்தான் தொகையை ஏற்றும். வீடு, கார், வேலையாள்கள், தொலைக்காட்சி என்று காகிதத்தில் எல்லாம் கிடைக்கும். ஒரு வீடு போதும். அதைவிட, தங்கத் தாள், வெள்ளித் தாள் கட்டுகளை வாங்கிப் போட்டு, இரவு உட்கார்ந்திருப்பவர்களிடம் கட்டிகளாக மடிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்தவப் பேரப்பிள்ளைகள்கூட எங்கள் வீட்டில் தாமாகவே மடித்தார்கள். பெரிய தொகுப்பை எடுத்தால்தான் அப்பாவுக்கு மரியாதை என்று யாராவது பேசினால், சற்று வெளியே போய்விட்டு வந்து முடிவெடுங்கள். துக்கத்தில் கையெழுத்துப் போடுபவரிடம் எதையும் விற்கலாம்.

வருகிறவர்கள் வெள்ளை உறையில் பணம் தருவார்கள், 30, 50, 70 என்று முதல் இலக்கம் ஒற்றைப்படையாக இருக்கும் தொகையாக. நம் ஊர் மொய் நோட்டைப் போலவே யார் எவ்வளவு தந்தார் என்று எழுதி வைக்க வேண்டும், நாளை அவர்கள் வீட்டுக்குத் திருப்பிச் செய்ய. உங்கள் தரப்பு உறவினர்களிடம் சிவப்பு உடுத்தி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மேசையில் இருக்கும் சிவப்பு நூலும் மிட்டாயும் அவர்களுக்குத்தான். நூலை விரலில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் கழற்றிப் போட்டுவிட வேண்டும். புறப்படும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் வழக்கமும் அதுதான் என்பதால் அவர்களுக்கு இது சிரமமாக இருக்காது.

சவப்பெட்டியை மூடும்போது எல்லாரும் திரும்பி நிற்க வேண்டும். சீன நாள்காட்டிப்படி பிறந்த விலங்கு ஆண்டு பொருந்தாதவர்களையும் கர்ப்பிணிகளையும் குரு விலகி நிற்கச் சொல்வார். பிறகு ஊர்தியின் பின்னால் சற்றுத் தூரம் நடந்து, பேருந்தில் ஏறி மண்டாய். அஸ்தி எடுக்கும்போது எலும்புகளைக் காலில் தொடங்கித் தலையில் முடியுமாறு கலசத்தில் அடுக்குவார்கள், அவர் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாக இருக்க வேண்டும் என்பதால். இதை உங்கள் பிள்ளைகளுக்கு முன்பே விளக்கிச் சொல்லுங்கள்.

ஏழாம் நாள் ஆன்மா வீடு திரும்பும் என்பார்கள். அன்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துவிட்டு எல்லாரும் அறைக்குள் இருந்துவிட வேண்டும். 49ஆம் நாளிலும் 100ஆம் நாளிலும் படையல் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பாக நீங்கள் தீர்க்க வேண்டியது பெயர்ப்பலகை எங்கே போகும் என்பதை. மகன்கள் வீட்டில் வைக்க முடியாது. உங்கள் வீட்டில் முருகன் படம் இருக்கும் அறையில் வைக்கலாமா என்று உங்கள் மனைவி தயங்கலாம், மகள் வீட்டில் வைப்பது முறையா என்று அத்தைமார்களும் சொல்லலாம். கோயில்களில் கட்டணம் செலுத்தினால் பலகைக்கு இடம் தருவார்கள்; தினமும் ஊதுபத்தி ஏற்றவும் அங்கே ஆள் இருக்கும். மாமியாரின் பலகையை நாங்கள் அப்படித்தான் வைத்தோம். உங்கள் மாமனார் இன்னும் பேசும் நிலையில் இருப்பதால், அவர் எந்தக் கோயிலைச் சொல்கிறார் என்று கேட்டு, இந்த வாரமே போய் அங்கே இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.