எதற்காக மகளிடம் சத்தியம் வாங்கினீர்கள்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எடுத்த அவளுடைய படத்தை எவனோ ஆபாசமாக மாற்றி, இன்ஸ்டகிராமில் அவளுக்கே அனுப்பியிருக்கிறான். காசு போடாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுகிறான். மகள் அழுதுகொண்டு வந்து என்னிடம் காட்டினாள். இனிமேல் போனைத் தொடமாட்டேன் என்று பத்திரகாளி அம்மன் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். வகுப்புகளையும் நிறுத்திவிட்டேன். பொலிசுக்குப் போனால் மானம் போய்விடும் என்கிறார் கணவர். இதற்குச் சட்டம் ஏதும் உண்டா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: சட்டம் இருக்கிறது, தங்கச்சி. அதற்கு முதல் அந்தக் கற்பூரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நம்மிடையே யார் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள்? களவெடுத்ததாகச் சந்தேகப்படுகிறவன், குடியை விடுகிறேன் என்பவன். உங்கள் மகள் எதைக் களவெடுத்தாள்? மைதானத்தில் ஓடினாள், அவ்வளவுதான். மிரட்டியவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான். மிரட்டப்பட்ட பிள்ளையைக் குற்றவாளி போல அம்மன் முன் நிறுத்தியிருக்கிறீர்கள். அதுவும் உங்களை நம்பி, தானாக ஓடி வந்து சொன்ன பிள்ளையை! நாளைக்கு அவன் வேறொரு வழியில் வந்தால், தெய்வக் குற்றம் என்று நடுங்கும் பிள்ளை உங்களிடம் வாய் திறக்குமா? அந்த மௌனத்தை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். "உன்னில் பிழையில்லை, நான் சத்தியம் கேட்டதுதான் பிழை" என்று இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள். தாய் பிள்ளையிடம் இறங்கிப் போவதில் ஒரு குறையும் இல்லை.

சரி, சட்டம். பிள்ளைகளின் ஆபாசப் படங்களை எடுப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். மிரட்டிக் காசு கேட்பது தனிக் குற்றம். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு இல்லாமல் எந்தச் சட்டமும் தானாக நடந்து உங்கள் வீட்டுக்கு வராது.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 இல் அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். பொலிசில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். அவன் அனுப்பிய எதையும் அழிக்க வேண்டாம். கணக்கின் பெயர், திகதி, நேரம், முக்கியமாகக் காசு போடச் சொன்ன இலக்கம், எல்லாம் ஸ்கிரீன்ஷொட்டாக இருக்கட்டும். ஆளைப் பிடிக்க அந்த இலக்கம்தான் பெரும்பாலும் உதவும். அந்தப் படத்தைச் சித்தப்பா, மாமா என்று ஆலோசனை கேட்க அனுப்பிவிடாதீர்கள்; நீங்களே பரப்பியதாகிவிடும். 'டேக் இட் டவுன்' (Take It Down) என்ற இலவச இணையச் சேவை 18 வயதுக்குக் குறைந்தவர்களின் இப்படியான படங்களுக்கென்றே இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை போல அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் இன்ஸ்டகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் தேடி நீக்குவார்கள். காசு மட்டும் ஒரு சதமும் போட வேண்டாம். ஒருதரம் கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. மகளுக்குக் காவலாக நிற்காத தகப்பனுக்கு வேறென்ன மானம் இருக்கிறது? பொலிசுக்கு நீங்கள் இருவரும் அவளோடு போங்கள். அவள் பேசும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நிறுத்திய வகுப்புக்கு அடுத்த நாளே அவரே கூட்டிக்கொண்டு போய் விடட்டும்.