கை ஓங்கும் நோயாளியின் முன் மாணவிகள் விறைத்து நிற்கிறார்களா?

கேள்வி: செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மறதிநோய்ப் பாடத்தை மாணவிகள் தேர்வில் நன்றாக எழுதிவிடுகிறார்கள். வார்டில் ஒரு முதியவர் குளிக்க மறுத்துக் கையை ஓங்கினால் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். முன்கூட்டியே எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில்: அல்சைமர், லூயி பாடி என்று வகைகளைத் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் கை ஓங்கிய நேரத்தில் கைகொடுப்பது பழக்கம். அதை வகுப்பிலேயே ஏற்படுத்திவிடலாம்.

இருவர் இருவராகப் பிரியுங்கள். நோயாளியாக நடிப்பவர் காதில் பஞ்சு வைத்து, பார்வையை மங்கலாக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். மற்றவர் பின்னாலிருந்து வந்து, பேசாமல் ஈரத்துணியால் முகத்தைத் துடைக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் துணியைத் தட்டிவிடத்தான் பார்ப்பார். முதியவர் ஏன் அடிக்கிறார் என்பது அந்த நொடியில் புரிந்துவிடும். அப்புறம் மறுபடி செய்யச் சொல்லுங்கள்: முன்னால் வந்து, கண்மட்டத்தில் அமர்ந்து, பெயர் சொல்லி, துணியை அவர் கையிலேயே கொடுத்து, "முகம் துடைக்கலாமா?" என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இளம் மாணவிகளுக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம், அதை நிறையப் பயிற்றுவியுங்கள். வேண்டாம் என்றால் சரி, கொஞ்ச நேரம் கழித்து வரலாம். குளியல் காத்திருக்கும்.

மறுப்புக்குப் பின்னால் வலியும் இருக்கலாம். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு பெயினாட் (PAINAD) என்ற, வலியைக் கணிக்கும் அளவுகோலைப் பழக்குங்கள். மூச்சு, முனகல், முகபாவம், உடல்மொழி, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10.

நேற்றுவரை பேசியவர் இன்று திடீரென்று குழம்பினால் "மறதிநோய்தானே" என்று விடவே கூடாது. அது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து எதுவும் காரணமாகலாம். கத்துபவர் உடனே கண்ணில் படுவார், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பவர் படமாட்டார். பலமுறை தவறவிடப்படுவது இவர்தான். மாற்றத்தைக் கண்டதும் பொறுப்புச் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து கொடுத்து அடக்கலாமே என்று மாணவிகள் கேட்பார்கள். மறதிநோயுள்ள முதியவர்களுக்குப் புதிய வகை ஆன்டிசைக்கோடிக் (மனநோய்க்கான) மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே எச்சரித்திருக்கிறது. எனவே முதலில் காரணத்தைத் தேடுவதுதான் முறை.

உண்மையிலேயே அடிக்க வந்தால் கையைப் பிடித்து அழுத்தாமல் எட்டாத தூரத்துக்கு விலகி, குரலைத் தாழ்த்தி, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அடிபட்ட மாணவியோடு அன்றே உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த முறை அதே நோயாளியிடம் நீங்களும் கூடப் போங்கள்.