சிபாடானில் முக்குளிக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாபுல் தீவில் நான்கு இரவு தங்கும் பேக்கேஜ் எடுத்திருக்கிறோம். அதில் சிபாடானுக்கு ஒரே ஒரு நாள்தான் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (கிள்ளான் வாசகி)

இல்லை. சிபாடான், மலேசியாவின் சபா மாநிலத்துக் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள சின்னத் தீவு. அங்கே போக, அந்த மாநிலத்தின் பூங்கா நிர்வாகமான சபா பார்க்ஸ் தரும் பெர்மிட் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பல வருடம் அது 120 ஆக இருந்தது, பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். மாபுல், கப்பாலாய், செம்பூர்ணா என்று சுற்றிலும் உள்ள எல்லா ரிசார்ட்டுகளும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு இரவுக்கு ஒரு நாள் என்பது நியாயமான பங்குதான். எந்தத் தேதி என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு ஒரு மாதம் தீவை மூடிவிடுகிறார்கள் என்பதால், விமான டிக்கெட் வாங்கும் முன் அதையும் கேட்டுவிடுங்கள்.

“தீவிலேயே ஏன் தங்க முடியாது?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் முடிந்தது. அரை மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய அந்தச் சின்னத் தீவில் வரிசையாக ரிசார்ட்டுகள் இருந்தன. கழிவுநீர் எங்கே போகும்? ஆமை முட்டையிடக் கரையேறும் மணலில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால், பொரித்து வரும் குஞ்சு கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கிப் போகும். 2004 இறுதிக்குள் எல்லா ரிசார்ட்டுகளும் காலி செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதன் பிறகும் 2006 மே மாதம், கட்டுமானப் பொருள் ஏற்றி வந்த ஒரு பெரிய பார்ஜ் (தட்டைச் சரக்குப் படகு) கரையில் ஏறி, வழியில் இருந்த பவளத்தை நசுக்கிவிட்டது. பல நூறு வருடம் வளர்ந்த பவளம் போக ஒரு இரவு போதும். அதனால் பெர்மிட் கெடுபிடியைப் பற்றி யார் குறைப்பட்டாலும் நான் சபா பார்க்ஸ் பக்கம்தான். இன்னும் கெடுபிடி செய்தாலும் ஆதரிப்பேன்.

சிபாடான் இந்தோனேசியாவுடையது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். (சிங்கப்பூர்)

மலேசியாவும் இந்தோனேசியாவும் அதற்காக நடத்திய வழக்கு 2002 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 16-க்கு 1 என்ற வாக்கில் சிபாடானையும் அருகில் உள்ள லிகித்தான் தீவையும் மலேசியாவுக்குக் கொடுத்தது. பழைய ஒப்பந்தங்களை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை. ‘இந்தத் தீவை யார் நிர்வகித்து வந்தார்கள்?’ என்று பார்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வடக்கு போர்னியோ (இன்றைய சபா) நிர்வாகம் ஆமை முட்டை எடுப்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது, 1933-இல் சிபாடானைப் பறவைகள் காப்பகம் ஆக்கியது, பின்னர் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. இவைதான் தீர்ப்பில் எடுபட்ட சான்றுகள். ஆமையையும் பறவையையும் காத்தவர்களுக்கே தீவு போய்ச் சேர்ந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எனக்கு நீச்சல் தெரியாது. முதல் ஸ்கூபாவை சிபாடானிலேயே செய்யலாமா? (கோயம்புத்தூர்)

வேண்டாம். கடலின் அடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் நிமிர்ந்து நிற்கும், அணைந்துபோன எரிமலையின் உச்சியில் பவளம் வளர்ந்து உண்டான தீவு இது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் தரை சட்டென்று செங்குத்தாக இறங்கிவிடும். காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. நீரோட்டமும் திடீரென்று திசை மாறும். சமநிலையோடு மிதக்கத் தெரியாதவர் தடுமாறிப் பவளத்தைப் பிடிப்பார், அல்லது தெரியாமல் ஆழத்துக்கு இறங்கிவிடுவார். அட்வான்ஸ்டு (முக்குளிப்பில் அடுத்த நிலை) சான்றிதழ் இல்லாதவர்களைப் பல மையங்கள் இங்கே அழைத்துப் போவதே இல்லை.

முதலில் நீச்சல். ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படை முக்குளிப்புப் படிப்புக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். அந்தமானிலோ, தியோமானிலோ அமைதியான தண்ணீரில் அந்தப் படிப்பை முடியுங்கள். பிறகு அட்வான்ஸ்டு, நடுவில் கொஞ்சம் பழக்கம். அப்புறம் சிபாடான் வாருங்கள். சீலா மீன்கள் நூற்றுக்கணக்கில் சுழன்று சுவர் போல நிற்பதையும், பாரைக் கூட்டம் வெயிலை மறைப்பதையும், கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்குவதையும் பயமில்லாமல் நிதானமாகப் பார்க்க முடியும். பேராமை உங்களைக் கண்டுகொள்ளாமல் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். தொடாதீர்கள், அவ்வளவுதான். கையுறை போட்டால் எதையாவது பிடிக்கத் தோன்றும், அதனால் அதுவும் வேண்டாம்.

ஆமைக் கல்லறை என்று ஒரு குகை இருக்கிறதாமே, உள்ளே போகலாமா? (பினாங்கு)

வாசல் வரை போகலாம். உள்ளே போவது குகை முக்குளிப்புப் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் வழிகாட்டியோடு. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இருட்டில் திரும்பும் வழி தெரியாமல் மூச்சு முட்டிச் செத்த ஆமைகளின் எலும்புகள்தான் அங்கே கிடக்கின்றன. கடலிலேயே வாழும் உயிருக்கே அந்த நிலை. காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை தவறாக அடித்தால் வண்டல் கிளம்பி, விளக்கு வெளிச்சமும் உதவாது. ‘ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்’ என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

இறங்கும்போது காது வலிக்கிறது. (மதுரை)

முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது, அதனால்தான் அதிக ஆழம் போகும் முன்பே வலி. வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். தண்ணீருக்குள் தலை போனதுமே மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதத் தொடங்குங்கள், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை. கால் கீழே, தலை மேலே வைத்து இறங்குங்கள். அடைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் செவிப்பறை கிழியும். சளி இருந்தால் அன்று இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு சமாளிக்க நினைக்காதீர்கள். ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும். அது உங்கள் பெர்மிட் நாளாகவே இருந்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

அந்தப் பக்கம் ஆட்களைக் கடத்துவார்களாமே? (கோலாலம்பூர்)

நடந்தது உண்மை. 2000 ஏப்ரலில் தெற்கு பிலிப்பைன்ஸின் அபு சயாஃப் என்ற ஆயுதக் கும்பல் சிபாடானிலிருந்து 21 பேரைக் கடத்திப் போனது. 2013-இல் கிழக்கு சபாவுக்கென்று தனிப் பாதுகாப்புப் படைப்பிரிவு வந்தது, 2014 முதல் கடலில் இரவு ஊரடங்கும் வந்தது. ரிசார்ட்டில் ஆயுதக் காவலர்களைப் பார்த்தால் பதறாதீர்கள். மாலை ஆறு மணிக்குள் கரைக்குத் திரும்பச் சொன்னால் வாதாடாதீர்கள். உங்கள் நாட்டின் பயண எச்சரிக்கையைப் படித்துவிட்டு, உங்கள் காப்பீடு இந்தப் பகுதிக்குச் செல்லுமா என்றும் பாருங்கள். பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

காலையில் முக்குளித்துவிட்டு மாலையே தாவாவிலிருந்து விமானம் ஏறலாமா? (ஈப்போ)

கூடாது. பல முறை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும், நான் 24 என்றே சொல்வேன். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. கடைசி நாளை செம்பூர்ணா சந்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.